புதிதாக வந்தவர் வம்புக்கு வந்தாரா, வழி தெரியாமல் வந்தாரா?

இணையக் குழு எதுவானாலும் இந்தக் காட்சி அடிக்கடி வரும். நேற்றுத் தொடங்கிய ஒரு கணக்கு, அந்தக் குழுவில் பலமுறை பேசி முடித்த விஷயத்தை முதல் பதிவிலேயே கிளப்புகிறது. "இதெல்லாம் உண்மையிலேயே வேலை செய்யுமா? யாராவது சரியான ஆதாரம் காட்ட முடியுமா?" என்று கொஞ்சம் சீண்டலான தொனி வேறு. பழைய உறுப்பினர் ஒருவர் பொறுமையாகப் பதில் எழுதுகிறார். இன்னொருவர், "இது ட்ரோல், பதில் போடாதீர்கள்" என்கிறார். மூன்றாமவர் அட்மினைக் கூப்பிட்டுக் கணக்கைத் தூக்கச் சொல்கிறார். மூவரும் படித்தது அதே இரண்டு வரிகளைத்தான்.

இங்கே தவறு இரண்டு பக்கமும் நடக்கலாம். வம்புக்கு வந்தவரைப் புதியவர் என்று நம்பிவிட்டால் பலருடைய நேரமும் நிம்மதியும் போகும். ஆனால் சில நாட்களில் விஷயம் வெளிப்பட்டுவிடும். உண்மையான புதியவரை ட்ரோல் என்று விரட்டிவிட்டால், நடந்தது தவறு என்பதே யாருக்கும் தெரியவராது. அவர் திரும்பி வந்து தன்னை நிரூபிக்கப் போவதில்லை. முதல் தவறு எல்லோர் கண்ணிலும் படுகிறது, இரண்டாவது படுவதில்லை. அதனாலேயே பல குழுக்கள் நாளாக ஆக இரண்டாவது தவறின் பக்கம் சாய்ந்துவிடுகின்றன.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதுதான்: முதல் பதிவை வைத்து ஒருவரின் நோக்கத்தை அறிய முடியாது, நேரான ஒரு பதில் கிடைத்த பிறகு அவர் என்ன செய்கிறார் என்பதை வைத்துப் பெரும்பாலும் அறிய முடியும்.

## யாரை ட்ரோல் என்கிறோம்

மீம் போட்டுக் கலாய்ப்பதையும் இப்போது ட்ரோல் என்கிறார்கள். இங்கே பேசுவது அதைப் பற்றி அல்ல. உரையாடலில் அக்கறையோடு கலந்துகொள்வதுபோல் காட்டிக்கொண்டு, மற்றவர்களை எரிச்சலூட்டுவதையோ அலைக்கழிப்பதையோ உள்நோக்கமாக வைத்திருப்பவரைத்தான் இங்கே ட்ரோல் என்கிறோம். அந்தப் பாவனை இல்லையென்றால் அது வெறும் வசவு. அடையாளம் காண ஒரு நொடி போதும். பாவனை இருப்பதால்தான் சிக்கல்.

ஆய்வாளர் ஜூடித் டோனத் 1990களின் இறுதியில், இணையத்தின் பழைய விவாதக் குழுக்களின் தொகுதியான யூஸ்நெட்டைப் பற்றி எழுதியபோது, ட்ரோலிங் என்பது அடையாளத்தை மறைத்து ஆடும் ஆட்டம், அதில் இருப்பவர்களில் பெரும்பாலோர் சம்மதிக்காத ஆட்டம் என்று விளக்கினார். அவர் கவனித்த இன்னொன்று இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது. ஒரு குழுவில் ட்ரோல் பற்றிய சந்தேகம் பரவிவிட்டால், வெகுளியாகக் கேட்கப்படும் கேள்விகளும் ட்ரோல் என்று தள்ளப்படும். முதல் முறையாகப் பதிவு போடும் புதியவர் மீதே கோபமான குற்றச்சாட்டுகள் பாயும். ஆக, ட்ரோல் செய்யும் கெடுதல் அவர் எழுதிய பதிவோடு முடிவதில்லை. அடுத்து வரும் புதியவருக்குக் கிடைக்க வேண்டிய நம்பிக்கையையும் அவர் செலவழித்துவிட்டுப் போகிறார்.

ட்ரோலோடு சேர்த்துக் குழப்பப்படும் சிலரை முதலில் பிரித்துவிட வேண்டும்:

1. கோபத்தில் வந்தவர். எதிலோ மாட்டிக்கொண்டு, வேறு வழியில்லாமல் கேட்க வந்திருப்பார். தொனி மோசமாக இருக்கும், தேவை உண்மையானது.
2. மாற்றுக் கருத்து உள்ளவர். குழு மொத்தமும் ஏற்றுக்கொண்ட ஒன்றை மனப்பூர்வமாக மறுப்பவர். இவரை ட்ரோல் என்பது விவாதத்திலிருந்து தப்பிக்கும் வழியாகவும் ஆகிவிடுவதுண்டு, அது நேர்மையற்றது.
3. விளம்பரத்துக்கோ மோசடிக்கோ வந்தவர். இவருக்கு உங்கள் கோபம் தேவையில்லை, கிளிக் தேவை. பதிவை நீக்கினால் விஷயம் முடிந்தது.

## இருவரும் ஏன் ஒரே மாதிரி தெரிகிறார்கள்

நேரில் பேசும்போது முகம், குரல், தயக்கம் எல்லாம் உதவுகின்றன. எழுத்தில் இவை இல்லை. பழைய உறுப்பினருக்குக் கூடுதலாக ஒரு வரலாறு இருக்கிறது. அவர் கடுமையாக ஒரு வரி எழுதினாலும், முன்பு எழுதிய நூறு பதிவுகள் அவருக்காகச் சாட்சி சொல்லும். புதியவருக்கு அந்தச் சாட்சி கிடையாது. அவர் எழுதிய ஒற்றைப் பதிவே அவருடைய மொத்த அடையாளம்.

அப்புறம், புதியவரின் அறியாமைதான் ட்ரோல் விரும்பி அணியும் வேடம். விதிகளைப் படிக்காமல் எழுதுவது, எல்லோருக்கும் தெரிந்ததைக் கேட்பது, தடை செய்யப்பட்ட தலைப்பில் கால் வைப்பது என்று புதியவர் இயல்பாகச் செய்யும் எல்லாவற்றையும் ட்ரோல் திட்டமிட்டுச் செய்வார். வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியக் கூடாது என்பதுதான் அவருடைய திட்டமே.

இதற்கு ஒரு பொருளாதாரக் காரணமும் உண்டு. எரிக் ஃப்ரீட்மேன், பால் ரெஸ்னிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2001இல் வெளியான கட்டுரையில், புதுப் பெயரில் கணக்குத் தொடங்கச் செலவே இல்லாத இடங்களில் என்ன நடக்கும் என்பதை ஆராய்ந்தார்கள். பெயர் கெட்டுப்போனால் புதுப் பெயரில் வந்துவிடலாம் என்ற நிலை இருந்தால், எந்தப் புதுப் பெயரையும் முழுதாக நம்ப முடியாது. விளைவாக, ஒரு தவறும் செய்யாத புதியவர்கள் எல்லோரும் சேர்ந்து அந்த அவநம்பிக்கையின் விலையைக் கொடுக்கிறார்கள். புதியவர் மீது வரும் சந்தேகம் முழுக்கப் பழையவர்களின் கெட்ட குணம் என்று சொல்லிவிட முடியாது. அந்த இடம் அமைக்கப்பட்ட விதத்திலிருந்தே அது முளைக்கிறது.

பழையவர்களின் களைப்பும் சேர்ந்துகொள்ளும். 1980இல் தொடங்கிய யூஸ்நெட்டில் ஒவ்வொரு செப்டம்பரிலும் பல்கலைக்கழகங்களில் சேர்ந்த புது மாணவர்கள் குவிவார்கள். நடைமுறை தெரியாமல் எழுதுவார்கள், சில வாரங்களில் பழகிவிடுவார்கள். 1993, 94 வாக்கில் ஏஓஎல் போன்ற இணைய இணைப்புச் சேவைகள் வழியாகப் பொதுமக்கள் பெருமளவில் நுழைந்தபோது அந்த வரத்து நிற்கவே இல்லை. முடியாத செப்டம்பர் என்று அந்தக் காலத்துக்கே பெயர் வந்துவிட்டது. வந்தவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள்தான். ஆனால் ஒரே கேள்விக்கு நாள்தோறும் பதில் சொல்ல வேண்டியவருக்கு, நாற்பதாவது முறை கேட்பவர் வேண்டுமென்றே கேட்பதாகத்தான் தோன்றும். கேட்பவருக்கோ அது முதல் முறை.

## சந்தேகத்தின் கணக்கு

"எனக்கு இருபது வருட அனுபவம், பார்த்தவுடன் தெரிந்துவிடும்" என்று சொல்லும் மாடரேட்டர்கள், அதாவது பதிவுகளைக் கண்காணிப்பவர்கள், உண்டு. அவர்கள் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக மட்டும்.

ஒரு குழுவில் 1,000 பேர் புதிதாகச் சேர்கிறார்கள். அதில் 20 பேர் ட்ரோல்கள், 980 பேர் உண்மையானவர்கள். மாடரேட்டரின் பார்வை மிகக் கூர்மையானது. 20 ட்ரோல்களில் 18 பேரைப் பிடித்துவிடுகிறார். நல்லவர்களில் 100க்கு 5 பேரை மட்டும் தவறாகச் சந்தேகிக்கிறார். 980இல் 5 சதவீதம் என்றால் 49 பேர். ஆக, அவர் சந்தேகப்படும் 67 பேரில் 49 பேர் ஒரு தவறும் செய்யாதவர்கள். நான்கில் ஏறத்தாழ மூன்று பங்கு!

பார்வை எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், தேடப்படுபவர்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவாக இருந்தால் வலையில் அதிகம் சிக்குவது மற்றவர்கள்தான். சந்தேகம் எழுந்தவுடன் தடை போடும் குழு, 18 பேரை வெளியேற்ற 49 பேரை இழக்கிறது. சந்தேகம் எழுந்தவுடன் ஒரு கேள்வி கேட்கும் குழுவுக்கு இந்த இழப்பு பெரிதாக இல்லை. கணக்கு அதேதான், அடுத்து என்ன செய்கிறோம் என்பது மட்டும் வேறு.

## நம்பக் கூடாத அறிகுறிகள்

புதுக் கணக்கு, படமில்லாத சுயவிவரம், ஏற்கெனவே கேட்கப்பட்ட கேள்வி ஆகியவை புதியவர் என்பதற்கான அடையாளங்கள். ட்ரோல் என்பதற்கானவை அல்ல. பிழையான மொழியும் அப்படியே. வேறு தாய்மொழிக்காரர் எழுதும் வாக்கியத்தில் பணிவுச் சொல் விடுபட்டால் அது கட்டளைபோல் ஒலிக்கும். இயந்திர மொழிபெயர்ப்பைப் பயன்படுத்துபவரின் எழுத்து விறைப்பாகவும் செயற்கையாகவும் இருக்கும். இவற்றை வைத்து நோக்கத்தைக் கணிப்பது அநியாயம்.

கோபத்தையும் நம்ப முடியாது. ஜஸ்டின் செங் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஒரு சோதனை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. பங்கேற்றவர்களில் ஒரு சாராருக்குச் சுலபமான புதிர்களும் மற்றவர்களுக்குக் கடினமான புதிர்களும் கொடுத்தார்கள். பிறகு எல்லோரையும் ஒரு விவாதத்தில் எழுதச் சொன்னார்கள். சிலர் பார்த்த விவாதம் நாகரிகமாகத் தொடங்கியிருந்தது. மற்றவர்கள் பார்த்தது வம்பான பதிவுகளோடு தொடங்கியிருந்தது. நல்ல மனநிலையில் நல்ல விவாதத்தைப் பார்த்தவர்கள் எழுதியவற்றில் 35 சதவீதம் வம்பான பதிவுகள். எரிச்சலான மனநிலையில் மோசமான விவாதத்தைப் பார்த்தவர்களிடம் அது 68 சதவீதம். இரு சாராரும் சாதாரண மனிதர்களே. அவர்கள் வந்த மனநிலையும் பார்த்த சூழலும்தான் எண்ணிக்கையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கின. புதியவர் ஒருவர் கடுமையாக எழுதினால், அவருக்கு மேலே இருந்த பதிவுகள் எப்படி இருந்தன என்று பார்ப்பது பொறுப்பான மாடரேட்டரின் முதல் வேலை.

## பதில் சொல்லிப் பார்த்தால் தெரியும்

இனி முக்கியமான பகுதி. ஒரு மென்பொருள் உதவிக் குழுவில் ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "இந்த மென்பொருள் குப்பை. பாதி நாள் வீணானது. இதை எப்படித்தான் பயன்படுத்துகிறீர்களோ?" இதில் நோக்கம் தெரியவில்லை. ஒருவர் சுருக்கமாகப் பதில் போடுகிறார்: "எந்தப் பதிப்பு? நிறுவும்போது என்ன பிழைச் செய்தி வருகிறது?"

உண்மையில் மாட்டிக்கொண்டவர் எரிச்சலோடாவது பிழைச் செய்தியை ஒட்டுவார். அவருக்கு வேலை ஆக வேண்டும். ட்ரோலிடம் ஒட்டுவதற்குப் பிழைச் செய்தி இல்லை. "ஆக, தப்பு என்னுடையது என்கிறீர்கள். எதிர்பார்த்ததுதான்" என்று எழுதுவார். ஒரு முறை இப்படி எழுதியதை வைத்தும் முடிவு கட்டிவிட வேண்டாம். புண்பட்ட புதியவரும் அப்படிச் சொல்லக்கூடும். அமைதியாக இன்னொரு முறை அதே கேள்வியைக் கேட்ட பிறகும் இதேதான் வருகிறது என்றால் விஷயம் தெளிவாகிவிடும். கவனிக்க வேண்டியவை:

1. விவரம் தருகிறாரா? உண்மையான சிக்கலுக்குத் தேதி, பதிப்பு, செய்து பார்த்தது, நடந்தது என்று விவரங்கள் இருக்கும். இட்டுக்கட்டிய சிக்கலில் அவை இருக்காது, அல்லது கேட்கக் கேட்க மாறும்.

2. அடுத்த கேள்வி, கிடைத்த பதிலின் மேல் நிற்கிறதா? மிகப் பணிவாக, முடிவே இல்லாமல் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. ஒரு வசவுச் சொல் இருக்காது, ஆனால் குழுவே களைத்துப்போகும். இவர்களைப் புதியவரிடமிருந்து பிரிக்க இந்த ஒன்றுதான் வழி. கற்க வந்தவரின் இரண்டாவது கேள்வியில் முதல் பதிலின் தடம் இருக்கும். "நீங்கள் சொன்னதைச் செய்தேன், இப்போது வேறு பிழை வருகிறது" என்பார். களைப்படையச் செய்ய வந்தவருக்குப் பதில் வந்ததா இல்லையா என்பதே பொருட்டில்லை. அடுத்த கேள்வி தயாராக இருக்கும்.

3. யாருக்குப் பதில் எழுதுகிறார்? என் பார்வையில் இதுவே மிக உறுதியான அறிகுறி. ஒரு பதிவின் கீழ் ஐந்து பயனுள்ள பதில்களும் ஒரு கோபமான பதிலும் வந்திருக்கின்றன. புதியவர் பயனுள்ளவற்றை எடுத்துக்கொள்வார், கோபமானதைக் கண்டு வருந்தலாம் அல்லது விலகலாம். ட்ரோல் அந்த ஐந்தையும் தாண்டிப் போய்க் கோபமான ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வார். அவர் தேடி வந்தது அதைத்தான்.

4. பேச்சு விஷயத்திலிருந்து ஆட்களுக்குத் தாவுகிறதா? கேள்வி மறைந்து, குழு எப்படிப்பட்டது, அட்மின் எப்படிப்பட்டவர் என்பதே பேச்சாகிவிடும்.

இந்தக் கவனிப்புக்கு ஆய்வுத் துணையும் இருக்கிறது. அதே செங் 2015இல் வேறு இருவரோடு சேர்ந்து, சிஎன்என், பிரைட்பார்ட் என்ற செய்தித் தளங்கள், ஐஜிஎன் என்ற வீடியோ கேம் தளம் ஆகிய மூன்றில் பின்னாளில் தடை செய்யப்பட்டவர்களின் எழுத்தை ஆராய்ந்தார். அவர்கள் சில உரையாடல்களிலேயே குவிந்து எழுதினார்கள், பேசுபொருளோடு ஒட்டாமல் எழுதினார்கள், மற்றவர்களைவிட அதிகமாகப் பதில்களை இழுத்தார்கள். முதல் ஐந்து முதல் பத்துப் பதிவுகளை வைத்தே அவர்களை ஓரளவு கணிக்கவும் முடிந்தது. ஆனாலும் கணினி அப்படிக் குறித்தவர்களில் ஐந்தில் ஒருவர் தவறாகக் குறிக்கப்பட்டவர் என்று ஆய்வாளர்களே எச்சரித்தார்கள். தொடக்கத்திலேயே அளவுக்கு மீறிப் பதிவுகள் நீக்கப்பட்டவர்கள் பிறகு இன்னும் மோசமாக நடந்துகொண்டதையும் கண்டார்கள். ட்ரோல் என்று தவறாக நடத்தினால், ட்ரோல்போல நடந்துகொள்பவரை நாமே உருவாக்கவும் கூடும்.

## நோக்கம் வேறு, கெடுதல் வேறு

ஆங்கில விக்கிப்பீடியாவின் அனுபவம் இங்கே பெரிய பாடம். நல்லெண்ணத்தோடு செய்ததாகவே முதலில் கருத வேண்டும், புதியவர்களைக் கடித்துக் குதறக் கூடாது என்ற வழிகாட்டல்கள் அங்கே பல ஆண்டுகளாக இருக்கின்றன. ஆனாலும் 2007இல் உச்சத்தைத் தொட்ட தொகுப்பாளர்களின், அதாவது கட்டுரைகளை எழுதித் திருத்துபவர்களின், எண்ணிக்கை அதன்பின் பல ஆண்டுகள் சரிந்தது. ஏரன் ஹாஃபேக்கரும் மற்றவர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களின் விகிதம் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. விஷமத் தொகுப்புகளை (கட்டுரையைக் கெடுக்கும் திருத்தங்களை) வேகமாகத் துடைக்க வந்த கருவிகளும் இறுகிய விதிகளும் அவர்களுடைய தொகுப்புகளையும் சேர்த்துத் துடைத்தன. அவர்கள் தங்கவில்லை.

2015இல் விக்கிமீடியா அறக்கட்டளை கொண்டுவந்த ஓஆர்ஈஎஸ் என்ற கணிப்பு அமைப்பு இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டது. இந்தத் தொகுப்பு கட்டுரையைக் கெடுக்கிறதா? இதைச் செய்தவர் நல்லெண்ணத்தில் செய்தாரா? கெடுக்கிறது, ஆனால் நல்லெண்ணம்தான் என்ற விடை வந்தால் தொகுப்பை மீளமைக்கலாம், ஆளைத் தண்டிக்க வேண்டியதில்லை. அவருக்கு விளக்கம் எழுதலாம்.

எந்தக் குழுவுக்கும் இந்தப் பிரிவினை உதவும். ஒரு பதிவு வசையாக இருந்தால் நீக்கிவிடலாம். அதற்கு எழுதியவரின் மனதை அறிய வேண்டியதில்லை. நீக்கும்போது "இந்த வரி விதியை மீறுகிறது" என்றால் போதும். "நீ ட்ரோல்" என்று சொல்லத் தேவையே இல்லை. ஆள் யார் என்ற முடிவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே கெடுதலை உடனே நிறுத்த முடியும்.

## குழு செய்யக்கூடியவை

விதிகளைக் கண்ணில் படும் இடத்தில் வைப்பது மிக எளிது, பலனும் பெரிது. ரெடிட்டின் அறிவியல் குழுவில் நேதன் மத்தையாஸ் நடத்தி 2019இல் வெளியிட்ட சோதனையில், உரையாடலின் உச்சியில் விதிகளை ஒட்டி வைத்தபோது புதியவர்கள் விதிப்படி எழுதுவது 8 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் கூடியது. பங்கேற்ற புதியவர்களின் எண்ணிக்கையும் சராசரியாக 70 சதவீதம் உயர்ந்தது. விதியைக் காட்டினால் ஆட்கள் பயந்து ஓடுவார்கள் என்ற அச்சத்துக்கு நேர்மாறான முடிவு. விதி தெரியும் இடத்தில் தடுமாறும் புதியவர்கள் குறைவார்கள். மீறுபவர் தனியாகத் தெரிவார்.

வசதிகளைப் படிப்படியாகத் திறப்பது இன்னொரு வழி. விவாதக் குழுக்களை நடத்தப் பயன்படும் டிஸ்கோர்ஸ் மென்பொருளில் புதுக் கணக்குக்குச் சில கட்டுப்பாடுகள் இருக்கும். இயல்பான அமைப்பில், ஐந்து தலைப்புகளுக்குள் சென்று, முப்பது பதிவுகளைப் படித்து, பத்து நிமிடம் செலவழித்தால் அடுத்த நிலை தானாகக் கிடைக்கும். கற்க வந்தவருக்கு இது சுமையே இல்லை, எப்படியும் படிக்கத்தான் போகிறார். கணக்குகளை மாற்றி மாற்றி வருபவர் ஒவ்வொரு முறையும் இதைச் செய்தாக வேண்டும்.

சந்தேகம் வந்த பிறகு வரிசை இப்படி இருக்கட்டும்:

1. ஒருவர் மட்டும் பதில் சொல்லட்டும். பத்துப் பேர் பாய்ந்தால் புதியவர் மிரள்வார்; ட்ரோலுக்கோ அது வெற்றி.
2. பதிலில் ஒரு தெளிவான கேள்வியோ, செய்ய வேண்டிய ஒரு காரியமோ இருக்கட்டும்.
3. பயன் இல்லையென்றால், எந்த வரி எந்த விதியை மீறியது என்று குறிப்பிட்டு ஓர் எச்சரிக்கை.
4. அதன்பின்னும் தொடர்ந்தால், விவாதம் செய்யாமல், கேலி செய்யாமல், தடை. வழியனுப்பும் வாதங்கள் வேண்டாம்.

உறுப்பினர்கள் பொதுவில் "ட்ரோல்" என்று கூவுவதை விதியாகவே தடுத்துவிடலாம். சந்தேகத்தை அட்மினிடம் தனியாகச் சொல்லட்டும். சந்தேகப்படுவது தவறு என்பதற்காக இல்லை. மாடரேட்டர் வந்து சோதிப்பதற்குள் குற்றச்சாட்டே சோதனையைக் கெடுத்துவிடும். குற்றம் சாட்டப்பட்ட யாருமே இயல்பாக எழுத மாட்டார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் தவறு நடக்கும். அதனால் முதல் தடை குறுகிய காலத்துக்கு இருக்க வேண்டும். முறையீட்டைப் படிப்பவர் தடை விதித்தவராக இருக்கக் கூடாது. முடிவு தவறு என்று தெரிந்தால், நீக்கிய பதிவை மீட்டு, குற்றச்சாட்டு எந்த இடத்தில் பொதுவில் எழுதப்பட்டதோ அதே இடத்தில் திருத்தத்தையும் எழுத வேண்டும். தனிச் செய்தியில் மட்டும் வருத்தம் தெரிவித்தால், அந்த உரையாடலை வெளியிலிருந்து படித்துவிட்டு, சேரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கு அது போய்ச் சேராது.